தானாக அணைந்த சூடம்

தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. பேச்சித்தாய் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் இருந்த அந்த ரிசார்ட்டின் பின்வாசலில் வேலையாட்கள் எல்லோரும் சாரலில் நனைந்தபடி வரிசையாக நின்றார்கள்.

மேனேஜர் மணிகண்டபிரபு சேலத்திலிருந்து புதிதாக வந்தவர். இங்கே வேலை பார்க்கிற யாரும் இனிமேல் குடிக்கக்கூடாது, லீவு நாளில் வீட்டில் இருந்தாலும் கூடாது என்றார். சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் உள்ளே போகலாம். முடியாதென்றால் வீட்டுக்குப் போகலாம்.

லாண்டரி ஆவுடையப்பனை முந்தின நாளே நிறுத்திவிட்டார்கள். லீவு போட்டுவிட்டு அச்சன்புதூரில் மச்சான் கல்யாணத்துக்குப் போயிருந்தான். அங்கே அவன் கையில் கிளாஸோடு நின்ற போட்டோவை யாரோ ஸ்டேட்டஸில் வைக்க, அது மேனேஜர் போனுக்கு வந்துவிட்டது. வேலைக்கு அவன் ஒருநாளும் குடித்துவிட்டு வந்தவனில்லை. இப்போது கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

பெண்களிலிருந்து தொடங்கினால் சுலபமாக முடிந்துவிடும் என்று மேனேஜர் நினைத்திருக்க வேண்டும். ரூம் பெருக்கும் பேச்சித்தாயைத்தான் முதலில் கூப்பிட்டார். நீங்கள்தான் குடிக்கிறவர் இல்லையே, அடித்துவிட்டு உள்ளே போங்கள் என்றார்.

அவள் அசையவில்லை.

"வேலைக்குக் குடிச்சிட்டு வந்தா கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளுங்க சார். லீவு நாள்ல எங்க வீட்டுக்குள்ள நாங்க என்ன செய்யுதோம்னு கேக்க நீங்க யாரு? ஆவுடையப்பன் உள்ள வரட்டும். பொறவு நாங்க வாரோம்."

வரிசையில் இருந்த ஆண்கள் அவளையே பார்த்தார்கள். இவளா இப்படிப் பேசுகிறாள் என்று அவர்களால் நம்ப முடியவில்லை.

குடிகாரனுக்காக ஒரு பெண் வக்காலத்து வாங்குவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் மேனேஜர். குடியால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்று தெரியுமா என்று கேட்டார்.

அவள் கையை முந்தானையிலிருந்து எடுக்கவில்லை. முதல் மாடி ரூம்களில் மட்டும் நேற்று, தங்க வந்தவர்கள் குடித்துப் போட்ட காலி பாட்டில்களை ஒரு சாக்கு நிறையப் பொறுக்கியிருந்தாள். அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை.

சூடம் சிறுத்துத் தானாக அணைந்தது. மேனேஜர் இன்னொன்றை ஏற்றினார். அதற்கும் ஒரு கை நீளவில்லை.

முன்வாசலில் கார்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. சீசன் நேரத்துச் சனிக்கிழமை. ரூம் ரெடியா என்று ரிசப்ஷனிலிருந்து போன் மேல் போன் வந்தது.

அடுத்த சூடம் ஈரக்காற்றில் பற்றவே இல்லை. மேனேஜர் தட்டைக் கீழே வைத்தார். ஆவுடையப்பனை உள்ளே வரச்சொல்லிக் கைகாட்டினார்.

அவன் ஓடிவந்து பேச்சித்தாயைக் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"குடிச்சிட்டு மட்டும் என் கண்ணுல பட்டுராத."

பெருக்குமாறை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

அந்தம்மாவின் புருஷன் பெரிய குடிகாரனோ, அதனால்தான் இந்தப் பேச்சோ என்று வாட்ச்மேன் செல்லப்பாவிடம் கேட்டார் மேனேஜர்.

செல்லப்பா படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். புருஷன் குடித்தேதான் செத்தான். போன வருஷம் அவன் உடம்பை ஊர் மதுக்கடை வாசலில் இறக்கி வைத்து, கடையைப் பூட்டினால்தான் எடுக்க விடுவேன் என்று தனியாக உட்கார்ந்து, பூட்டவும் வைத்தவள் அவள்தான்.