கம்பிவலையில் ஒரு மிளகாய் விதை

மலேசியாவின் பொந்தியான் கடலோர வீடு ஒன்றின் பின்சுவரில், அறையைக் குளிரூட்டும் ஏர்கோனின் வெளிப்பெட்டி முனகிக்கொண்டே நின்றுபோகிறது. ராத்திரி வேலை முடித்து வந்த மதிவாணன் உள்ளே புழுக்கத்தில் புரள்கிறார். பகலில் தூங்கினால்தான் இன்றிரவும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியும். பழுது பார்க்க வந்த டெஸ்மண்டின் கைகளை, மீன்காரரின் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்தபடி நிற்கிறாள் மதிவாணனின் மனைவி ஷாமளா. "காஸ் தீந்துபோச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி. போன தடவ வந்தவரும் அதத்தான் சொன்னாரு." "காஸ் நல்லா இருக்குக்கா." டார்ச் வெளிச்சம் ஊர்ந்துபோகும் இடமெல்லாம் வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கிறது. "கடல் காத்து லா," என்கிறாள், அவன் கேட்பதற்கு முன்பே. அவளுக்குப் பின்னால் கடல் ஒன்றுமறியாததுபோல் பளபளக்கிறது. டெஸ்மண்ட் முன்பக்கக் கம்பிவலையிலிருந்து எதையோ நகத்தால் நெம்பி எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறான். ஒரு மிளகாய் விதை. "கடல்ல மிளகாயும் வெளையுதாக்கா? சூட்டுக் காத்து வெளிய போற வழிய யாரோ அடச்சு வச்சிருக்காங்க." "பக்கத்து வீட்டுக் கோழி கொண்டாந்திருக்கும்." அவன் விதையை முகர்ந்து பார்க்கிறான். புளித்த மோர் வாசம். இருவரும் கண் இமைக்காமல் ஒருவரையொருவர் எடை போடுகிறார்கள். அப்போது சன்னல் திறக்கிறது. வியர்வை வழியும் முகத்தோடு மதிவாணன் ஒரு தட்டு நிறைய மோர்மிளகாயை வெளியே நீட்டுகிறார். "ஷாமளா, தினம் ஏர்கோன் பெட்டி முன்னாடி சாத்திக் காயவைக்கிறத இன்னிக்கு ஏன் கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்ச? தும்மித் தும்மியே செத்தேன்!"