மறைக்கத் தெரியாத காதல்

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கோதண்டம் தன் மனைவி கஸ்தூரியம்மாளிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. படகில் வழுக்கி விழுந்து, தலையில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குத் திரும்பிய பிறகு ஆள் அடியோடு மாறிவிட்டார்.

"இன்னா அழகு நீ. கொஞ்ச நேரம் பக்கத்துல குந்து" என்பார். வலை பின்னுகிறவர்கள் எதிரிலேயே அவள் கையைப் பிடித்துக்கொள்வார்.

"நைனா அப்டியே தெரெதெரெ ஆயிட்டாரும்மா" என்றாள் மகள் நிவேதா. அவள் ஓயாமல் ஜப்பான் அனிமே கார்ட்டூன்கள் பார்க்கிறவள்.

"அப்டீன்னா இன்னாடி?"

"மனசுல இருக்கிற காதலை மறைக்கத் தெரியாத ஆளுங்க. எல்லார் முன்னாடியும் கொட்டிடுவாங்க. அந்தக் கதைங்கள்ல எனக்கு அவங்களத்தான் ரொம்பப் புடிக்கும்."

"அப்போ இத்தினி நாளா மனசுக்குள்ளயே வச்சிருந்தாரா?" கஸ்தூரியம்மாளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

மறுநாள் காலை தலையில் பூ வைத்துக்கொண்டு கஞ்சி எடுத்துப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோதண்டம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ தெனமும் வர்றது எனக்கு சந்தோசம்தான். ஆனா இப்போ கெளம்பிடு. என் பொண்டாட்டி கஸ்தூரி வர்ற நேரம்."

கஸ்தூரியம்மாள் எழுந்து வாசல்வரை போனாள். அதற்கு மேல் எங்கே போவதென்று அவளுக்குத் தெரியவில்லை.