நான்காவது போல்ட்

பின்சீட்டின் நடுவில் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

காருக்கு அடியில், ஷெட்டுக் குழிக்குள், அவள் கணவன்.

இன்று அவள்தான் பாரம்.

பின்சக்கரச் சட்டத்தின் புது ரப்பர் புஷ்களை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முடுக்கக் கூடாது. வண்டி தன் சக்கரங்களில் நிற்க வேண்டும். பின்னால் ஓர் ஆள் எடை ஏற வேண்டும். ரப்பர் அந்தப் பாரத்துக்குப் படிந்த பிறகுதான் கடைசி முடுக்கு. இல்லாவிட்டால் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழிந்துவிடும்.

அவன்தான் சொன்னான். நிதானமாக, ஒரு மாதமாக எல்லாவற்றையும் சொல்வதுபோல.

டக்.

ஒன்று.

இறுக்கம் போதுமானதும் அவன் கையிலிருக்கும் ரென்ச் ஒருமுறை அப்படிச் சத்தம் கொடுக்கும். அது இரும்பில் ஏறி, சீட்டில் ஏறி, அவள் முதுகுத்தண்டில் வந்து நின்றது.

போன மாதம் அவள் அவனிடம் பேசினாள். விலகிக்கொள்ளலாம் என்றாள்.

அவன் கத்தவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தான். மறுநாள் காலையில், அவள் அப்பா விட்டுப்போன இந்தப் பழைய காரைத் தள்ளிக்கொண்டுவந்து ஷெட்டில் குழிமேல் நிறுத்தினான்.

“போறதுதான் போற. நல்ல வண்டில போ.”

அவ்வளவுதான் சொன்னான்.

டக்.

இரண்டு.

பின்சக்கரங்களைச் சுமக்கும் சட்டம் நான்கே நான்கு போல்ட்டில் வண்டியோடு தொங்குகிறது. ஒன்று தளர்ந்தால் நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியாது. மலை வளைவில்தான் தெரியும். நீ ஒரு பக்கம் திருப்புவாய், பின்னால் இருப்பது வேறு பக்கம் போகும். போன வாரம் காபி குடித்துக்கொண்டே இதையும் விளக்கினான்.

வால்பாறைக்கு நாற்பது வளைவு. அங்கேதான் அவள் அம்மா வீடு.

பை டிக்கியில் இருந்தது.

டக்.

மூன்று.

நடுப்பகல். மின்வெட்டு. பக்கத்து நார் மில் நின்றிருந்தது. தென்னை மட்டை விழுந்தால்கூடக் கேட்கும்.

அவள் காத்திருந்தாள்.

கீழே ரென்ச்சைத் துணியில் துடைக்கும் ஓசை. பிறகு அதைப் பெட்டியில் வைக்கும் ஓசை. பெட்டியின் கொக்கி.

அவன் படியேறி வந்தான்.

“முடிஞ்சுது.”

அவன் அவளைப் பார்க்கவில்லை. விரலிடுக்குக் கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்ணியதில் ஒன்றை விட்டிருக்கலாம். அவளுக்கு அப்படி நினைக்கப் பிடித்திருந்தது. கேட்டுவிடலாம். கேட்டால், எதைக் கேட்கிறாள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும்.

இறங்கி முன்னால் போய் உட்கார்ந்தாள். ஸ்டியரிங் சில்லென்றிருந்தது.

அப்போது பின்கதவு திறந்தது.

மாமியார். கையில் முறுக்கு டின், தோளில் சால்வை.

“மெதுவா ஓட்டு அம்மிணி, நானும் வாரேன். உன்ற அம்மா தெய்வாத்தாளப் பாத்து ரெண்டு வருசமாச்சு.”

பின்சீட்டு அமுங்கியது.

“அம்மா, நீ எங்க போற? எறங்கு.” அவன் குரல் எகிறியது. “மல ரோடு. தல சுத்தும்.”

“நீ ஓட்டுனாத்தான்டா எனக்குக் கொடலு வாய்க்கு வரும். என்ற மருமவ ஓட்டுனா நான் தூங்கிக்கிட்டே போவேன்.”

“சொல்றனில்ல. எறங்கும்மா.”

“கையப் புடிக்காத, பூராக் கிரீசு. சேலைல பட்டா நீயா தொவைப்ப?”

அவன் கையை எடுத்தான்.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவன் முகத்தில் எதுவும் அசையவில்லை. கழுத்தில் மட்டும் ஒரு நரம்பு ஏறி இறங்கியது.

“ஒரு நிமிசம்,” என்றான்.

திரும்பக் குழிக்குள் இறங்கினான்.

கொக்கி திறந்தது.

அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வராதே என்று அந்தச் சத்தத்தை வேண்டினாள். அது வராவிட்டால் அவன் எதையோ தேடிப் போனான் என்று ஆகிவிடும். எட்டு வருடம் ஒரே தலையணையில் தூங்கியது உண்மை என்று ஆகிவிடும்.

டக்.

“என்ன அம்மிணி சத்தம் அது?”

“ஒண்ணுமில்லீங்கத்தே. ஒண்ண மறந்துட்டாரு.”

அவன் மேலே வந்து சுவரோரம் நின்றான். இந்த முறை அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்து, மூடிக்கொண்டான்.

அவள் கிளப்பினாள்.

ஷெட்டைத் தாண்டி, தோப்பைத் தாண்டி, வண்டி கிழக்குச் சரிவில் உருளத் தொடங்கியது. சரிவின் அடியில் தார்ரோடு. தார்ரோட்டில் தேங்காய் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

பின்னால் எந்த ஆட்டமும் இல்லை. புது ரப்பர் சத்தமே போடவில்லை.

“ஏன் அம்மிணி அவன் ஓடியாரான்?”

கண்ணாடியில் அவன். செருப்பில்லாமல். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வாய் திறந்து திறந்து மூட, புழுதிக்குள் ஓடி வந்துகொண்டிருந்தான்.

“இன்னும் எதையோ மறந்துட்டான் போல,” என்று சிரித்தாள் மாமியார். டின்னைத் திறந்தாள்.

ஒரு மாதம் அவன் இந்த வண்டியின் அடியில் கிடந்தான். பின்பக்கம் மட்டும்தான் பார்த்தானா என்று அவள் கேட்டதில்லை.

சரிவு நீளமாக இருந்தது. லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

அவள் தன் வலது காலைப் பார்த்தாள்.

அது பிரேக்கின் மேல், இன்னும் அதைத் தொடாமல், நின்றிருந்தது.