துக்க அறையில் சிவப்புப் பட்டு

புருஷன் செத்து ஐந்து மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஆதெலா பெட்டியைத் திறந்து சிவப்புப் பட்டு கவுனை எடுத்து உதறினாள்.

மாத்தே கஷாயத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த நாத்தனார் எர்சீலியாவுக்குப் புரையேறிவிட்டது.

"இது எதுக்குடி?"

"சாயங்காலம் ஓபராவுக்குப் போறேன் அண்ணி. டிக்கெட் வாங்கியாச்சு."

செத்துப்போன ராமிரோவின் பத்திரங்களில் கையெழுத்துப் போடத்தான் இரண்டு பேரும் மான்டிவிடியோவிலிருந்து கப்பலேறி புவனஸ் ஐரிஸ் வந்திருந்தார்கள். அது 1916, ஆகஸ்ட் மாதம். மறுநாள் திரும்ப வேண்டும். மருமகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் மாமியார் தன் மகளைக் கூட அனுப்பியிருந்தாள். அந்த வேலைக்கு எர்சீலியாவை விட்டால் ஆள் ஏது? விதவையாகி ஒன்பது வருஷம். இரண்டு வருஷம் கருப்பு உடுத்தினால் போதும் என்று ஊரே சொல்லியும், இன்றுவரை வேறு நிறத்தைத் தொடாத உத்தமி.

"என் தம்பி குழியில மண்ணு இன்னும் காயலை. நீ சிவப்பு உடுத்திக்கிட்டு பாட்டுக் கேக்கப் போறியா?"

"துக்கக்காரங்க அறையிலதான் உட்காரப் போறேன்."

துக்கம் காக்கிறவர்களும் ஓபரா பார்க்கட்டும், ஆனால் ஊர் கண்ணில் படாமல் பார்க்கட்டும் என்று அந்த ஓபரா அரங்கின் கீழ்த்தளத்தில் கம்பிவலை அடித்த அறைகள் கட்டியிருந்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு மேடை தெரியும். உள்ளே இருப்பது யார் என்று வெளியே தெரியாது.

"அங்கேயும் கருப்புதான் உடுத்தணும். அதுதான் முறை."

"முறையா? பதினெட்டு வயசுல எங்கப்பா போனார். ரெண்டு வருஷம் கருப்பு. அடுத்தது அம்மா. அதுக்கு ரெண்டு வருஷம். அப்புறம் அண்ணன் போனான், என் கல்யாணமே கருப்புலதான் நடந்தது. அதுக்கப்புறம் உங்கப்பா, உங்க சித்தி, நான் முகம்கூடப் பார்க்காத உங்க பெரியம்மா. இந்தச் சிவப்பைத் தைச்சு எட்டு வருஷமாச்சு அண்ணி. எப்ப எடுத்தாலும் யாராவது செத்துத் தொலையறாங்க."

"அப்புறம் ஏன் எடுக்கறே? அடுத்தது நானா?"

ஆதெலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ராமிரோவுக்காக அழுதேன். இன்னும் அழுவேன். சிவப்புல அழுதா கண்ணீர் வராதா? உங்க சின்னத் தம்பிக்குப் பொண்டாட்டி போய் மூணே மாசம். கையில ஒரு கருப்புப் பட்டையைக் கட்டிக்கிட்டு முன் வரிசையில உட்கார்ந்து கை தட்டறார். அவரை யார் கேட்டா?"

"அவன் ஆம்பளை."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

எர்சீலியா மாத்தேவை ஓரமாக வைத்தாள்.

"அம்மா சொன்னது ஞாபகம் இருக்கில்ல? ரெண்டு வருஷம் ஒழுங்கா துக்கம் காக்கலைன்னா ஃபாபியோ பாட்டிகிட்டதான் வளருவான். நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

ஃபாபியோ ஆதெலாவின் மகன். ஆறு வயசுப் பிள்ளை, ராத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்கமாட்டான். அவன் இல்லாத வீட்டை நினைக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கவுனை மடித்து வைக்கவில்லை.

"தாராளமா சொல்லுங்க. எம்புள்ளைக்காக கோர்ட்டுப் படி ஏறவும் நான் தயார். பயந்து பயந்து உடுத்தினது போதும்."

எர்சீலியா தன் முகத்திரையைத் தேடி எடுத்தாள்.

"தனியா விட்டா ஊர் சிரிக்கும். நானும் வந்து தொலைக்கறேன்."

அரங்கத்தின் பக்கவாட்டு வாசலில் இறங்கினார்கள். ஆதெலா சிவப்புக்கு மேல் கருப்பு மேலங்கி போட்டிருந்தாள். எர்சீலியா முகத்திரையை மோவாய் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, தலை நிமிராமல் பின்னால் வந்தாள். சாவிக்கொத்தோடு நின்ற வயசான அம்மாள் டிக்கெட்டைப் பார்த்து அறையைத் திறந்துவிட்டாள்.

கதவைச் சாத்தியதும் ஆதெலா மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எர்சீலியாவால் தாங்க முடியவில்லை. முகத்திரையைத் தூக்கிப் பின்னால் எறிந்தாள்.

"கப்பலைவிட்டு இறங்கினதும் அம்மாகிட்ட முதல் வேலையா இதைத்தான் சொல்லப் போறேன். உன் புள்ளையை நீ மறந்துடு."

அந்த நேரம் பார்த்துத்தான் சாவிக்கார அம்மாள் காலுக்கு வைக்கும் மெத்தையோடு உள்ளே வந்தாள். எர்சீலியாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களா சென்யோரா? திரை போட்டிருந்தீங்களா, அடையாளமே தெரியலை."

"நீங்க வேற யாரையோ நினைச்சுக்கிட்டுப் பேசறீங்க," என்றாள் எர்சீலியா.

"நல்லா இருக்கே. ஆறு வருஷமா ஆகஸ்ட் மாசம் தவறாம வர்றவங்களை மறப்பேனா? ஒன்பது நாள் தங்கினா ஒன்பது நாளும் வருவீங்களே."

ஆதெலா மெல்லத் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். வருஷா வருஷம் ஆகஸ்டில் புவனஸ் ஐரிஸ் கன்னிமாடத்தில் ஒன்பது நாள் ஜெபம் என்று கிளம்புவாள் எர்சீலியா. திரும்பி வந்தால் குடும்பமே எழுந்து நின்று அவள் கையை முத்தமிடும்.

"பேசிட்டே நிக்கறேன் பாருங்க. உங்க மஞ்சள் கவுனை இஸ்திரி போட்டு என் அலமாரியிலேயே வச்சிருக்கேன். இதோ எடுத்துட்டு வரேன்."

அந்த அம்மாள் போனாள், வந்தாள், கவுனைக் கொடுத்துவிட்டுப் போனாள். வெளியே வயலின்களுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆதெலா அந்த மஞ்சள் கவுனைத் தொட்டுப் பார்த்தாள்.

"அத்தைகிட்ட என்ன சொல்லப் போறீங்க அண்ணி?"

கருப்பு உடுப்பை உருவி நாற்காலியில் போட்டுவிட்டு, மஞ்சளுக்குள் நுழைந்து முதுகைக் காட்டி நின்றாள் எர்சீலியா.

"ரெண்டு பேரும் மடத்துல ஜெபம் பண்ணினோம்னு சொல்லுவோம். சீக்கிரம் இந்தக் கொக்கியை மாட்டு, திரை தூக்கப் போறான்."