ஃபில்டரை நிறுத்தியவர்

ஒரு கொலைகாரரோடு மூன்று வாரமாக ஒரே அறையில் குடியிருக்கிறோம் என்பது நயினாருக்குச் சனிக்கிழமைதான் உறுதியானது. ஐந்து வயது மூத்தவர் என்பதால், மனசுக்குள் திட்டும்போதும் மரியாதை வந்து தொலைத்தது. கொலைகாரர் அப்போது வாசற்படியில் உட்கார்ந்து சால்னாவில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கொலை இன்னும் முழுதாக நடந்து முடியவில்லை. ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில், ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்திருந்தது ஒரு ஃபைட்டர் மீன். நீலமும் சிவப்புமாக விரிந்திருந்த அதன் வால், பஸ் கதவில் மாட்டிய முந்தானை போலக் கிழிந்து தொங்கியது.

மீன், வேல்விழியுடையது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை. ஹாஸ்டலில் ஒரு வருடமாக ஊறுகாய் பாட்டிலில் வளர்த்து வந்தாள். புதிதாக வந்த வார்டன் தடை போட்டதும், நயினாரைக் கூப்பிட்டுப் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டாள்.

"மூணு வாரம் பாத்துக்கிடுங்க. அதுக்குள்ள வேற ரூம் பாத்துருவேன். இந்தச் சின்ன உசுரைப் பத்திரமா வச்சிருந்தீங்கன்னா, எங்க அப்பாகிட்ட உங்களைப் பத்தி நானே பேசுதேன்."

இரண்டு வருடம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் தவம் கிடந்து பெற்ற வரம். நயினார் விடுவானா? அன்றைக்கே ஒரகடத்தில் கன்னியப்பனின் வண்ணமீன் கடைக்குப் போய்ப் பதினைந்து லிட்டர் தொட்டி ஒன்று வாங்கினான். கன்னியப்பன் கூடவே ஒரு குட்டி ஃபில்டரை எடுத்து வைத்தார்.

"மணிக்கு அறுபது லிட்டர் ஓடும் சார். இது போதும்."

"இதைவிடப் பெருசு இருக்கா?"

"அறுநூறு லிட்டர் கீது. வேணுமா?"

"குடுங்க. எங்க கம்பெனில மிஷினைக் குளிர வைக்கிற கூலன்ட் பம்பே தேவைக்கு டபுளாத்தான் போடுவோம். அப்பதான் லைன் நிக்காது."

மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் வாக்குக்கு மறுவாக்கு ஏது? கன்னியப்பன் சந்தோஷமாகப் பொட்டலம் கட்டினார்.

அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தும் மீன் ஒரே வாரத்தில் சுருண்டுவிட்டது. இரை எடுக்கவில்லை. வால் நார்நாரானது.

பதினேழாம் நாள், பார்ட்ஸ் வராமல் கம்பெனியில் லைன் நின்றதால் நயினார் சீக்கிரம் அறைக்குத் திரும்பினான். கரண்ட் போகவில்லை; தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஃபில்டரின் பிளக்கை யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள்! மீன் மேலே வந்து வந்து வாயைத் திறந்தது. மூச்சுக்குத் தவிக்கிறது என்று பதறிப் பிளக்கைச் சொருகினான்.

அறையில் வேறு யார்? சுடலைக்கண்ணு அண்ணாச்சிதான். அந்த மாதம் முழுக்க அவருக்கு நைட் ஷிப்ட். பாயில் கவிழ்ந்து கிடந்தார். நடிப்பு என்று நயினாருக்குத் தோன்றியது. அண்ணாச்சிக்கு மூன்று இடம் பார்த்தும் பெண் அமையவில்லை. இவனுக்கோ தானாகவே கூடி வருகிறது. வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணம் வேண்டுமா?

மறுநாள் முதல் பழைய செல்போன் ஒன்றை அலமாரியில் ஒளித்து வைத்துப் படம் எடுத்தான். சனிக்கிழமை சேர்த்துப் பார்த்தால், நான்கு நாளும் அதே காட்சி. காலை ஏழரைக்கு அண்ணாச்சி வருகிறார், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கிறார், பிளக்கைப் பிடுங்குகிறார். மத்தியானம் இரண்டரைக்கு, ஒன்றுமே தெரியாதவர் போல மறுபடி சொருகுகிறார்.

நயினார் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வேல்விழி மீனை எடுத்துப்போக வருகிறாள். அவள் முன்னாலேயே விசாரணையை வைத்துக்கொள்ளலாம்.

அவள் வந்தாள். தொட்டியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"என்னங்க இது? இப்படிக் கெடக்கு?"

"நான் கண்ணுக்குள்ள வச்சுத்தான் பாத்தேன், வேலு. அறுநூறு லிட்டர் ஃபில்டர் வாங்கிப் போட்டேன். இதைப் பாரு, யாரு கொல்லப் பாத்திருக்காருன்னு!" செல்போனை நீட்டினான். "அண்ணாச்சியா இருந்தாலும் தப்பு தப்புதான்."

மூலையில் நின்றிருந்த சுடலைக்கண்ணுவுக்கு வியர்த்துவிட்டது. "ஏம்மா, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

வேல்விழி வீடியோவை முழுதாகப் பார்த்தாள். பிறகு தொட்டிக்குள் கையை விட்டு, ஃபில்டரின் வாய்க்கு நேராக விரலை நீட்டினாள். தண்ணீர் விரலைத் தள்ளியது. சட்டென்று பிளக்கைப் பிடுங்கினாள்.

ஒரு நிமிடம் போயிருக்கும். மீன் மூலையை விட்டு மெல்ல நடுவுக்கு வந்து, கிழிந்த வாலை விரித்துக் காட்டியது.

"ஃபைட்டருக்கு வேகமா ஓடுற தண்ணியே ஆவாதுங்க. இது மேல வந்து காத்துக் குடிக்கிற சாதி. பாட்டில்ல ஃபில்டர் இல்லாமத்தான ஒரு வருசம் இருந்துச்சு? இத்துனூண்டு தொட்டிக்கு அறுபது லிட்டர் ஓடுனாலே தாராளம். அறுநூறா? பாவம், வாஷிங் மெஷினுக்குள்ள கெடந்த மாதிரிக் கெடந்திருக்கு!"

நயினார் தொட்டியை எட்டிப் பார்த்தான். "அப்போ... இவ்வளவு நாள் எப்படி உசுரோட..."

"தினமும் ஏழு மணி நேரம் அண்ணாச்சி நிறுத்தி வச்சாருல்லா? அதனாலதான்."

சுடலைக்கண்ணுவைப் பார்த்து அவள் கைகூப்பினாள். "வாயில்லா ஜீவன் மேல உங்களுக்கு எவ்வளவு இரக்கம் அண்ணாச்சி! இவருக்கு மீன் வளக்கத் தெரியல. ஆனா, கூட நீங்க இருக்கீங்கள்லா, அந்தத் தைரியத்துலதான் அப்பாகிட்ட பேசப் போறேன். பொண்ணு கேக்க நீங்கதான் முன்னால நிக்கணும்."

நயினார் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டான். "அண்ணாச்சி, நீங்க தெய்வம்!"

ஃபில்டர் போட்ட இரைச்சலில் பகல் தூக்கம் கெட்டதால்தான் பிளக்கைப் பிடுங்கினேன் என்று சொல்ல வாயெடுத்த தெய்வம், மரியாதையாக வாயை மூடிக்கொண்டது.