எட்டாவது லிமிட்டர்

"டூர்லைஃப், இதோட ஏழு லிமிட்டர் பாத்தாச்சு. என்னைக் கட்டிக்கக்கூட நீ இவ்வளவு யோசிக்கலையே! பாடி முடிச்சு வாஃபிள் சுடணும், சீக்கிரம்" என்று சிரித்தபடி என் மனைவி சிக்ரூன் சமையலறை மைக்கிடம் போனாள்.

அவள் உச்சத்தில் பாடும்போது ஒலி வெடித்துக் காதைக் குத்தும். அதை அடக்கும் மென்பொருள்தான் லிமிட்டர்.

மாடியறையில், என் ஹெட்போனில், எட்டாவது பிரமாதமாக அடக்கியது. பாட்டு முடிந்ததும் கரண்டி வைத்ததுபோல் மெல்லிய 'டொக்'.

"இதுதான் சிக்ரூன்! இதையே வாங்கிடலாம்!" என்று கத்தினேன். பதில் இல்லை. வாஃபிள் மாவு கலக்குகிறாள் என்று நினைத்து, அரைமணி நேரம் அளவுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அவளைப் புதைத்த மறுநாள், லிமிட்டரை நீக்கிவிட்டு அந்தப் பதிவைக் கேட்டேன். பாட்டு முடிந்ததும், நாற்காலியோடு அவள் விழும் பேரோசை.

மறுபடி லிமிட்டரைப் போட்டேன். கரண்டி வைத்த சத்தம்தான்.