பல்லி சொன்ன சம்பந்தம்

"இன்னும் ரெண்டு திருகு திருகு கமலா. சத்தம் வாசல் வரைக்கும் கேக்கணும்."

சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்த கமலவேணி கணவனை முறைத்தாள். "இதுக்கு மேல திருகினா ஸ்பிரிங் அந்துரும். வர்றவங்க பொண்ணு பாக்க வர்றாங்களா, கடிகாரம் பாக்க வர்றாங்களா?"

பொன்னுதுரை கடிகாரத்துக்கு நேர் கீழே தமக்கென்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நாட்டுக்கு மலேசியா என்று புதுப் பெயர் வைத்த கையோடு, ஜாலான் பெண்டஹாரா வீதியில் துணிக்கடை வைத்திருந்த பொன்னுதுரை தம் இதயத்துக்குப் புதுக் கதவு வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஊரில் சொன்னது, லண்டனுக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன் என்று. எடுத்து வந்த சரக்கு நெஞ்சுக்குள் இருந்தது. பழுதான வால்வுக்குப் பதிலாக ஒரு கம்பிக் கூண்டு, அதற்குள் ஒரு பந்து. பந்து விழும்போதெல்லாம் 'டிக்' என்றது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் கேட்டது.

"தாளம் தப்பாதவரை பயமில்லை. தப்பினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்று சொல்லி அனுப்பியிருந்தார் வெள்ளைக்கார டாக்டர். பொன்னுதுரைக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அப்பன் நெஞ்சைப் பிளந்து தைத்தது தெரிந்தால் மகள் மல்லிகாவை எவன் கட்டுவான்? அப்பனுக்கு வந்தது மகளுக்கும் வரும் என்று சொல்லி, குடித்த கோப்பியின் சூடு ஆறுவதற்குள் எழுந்து போய்விடுவார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் கருணாகரன் பண்டார் ஹிலிரில் மளிகை மொத்த வியாபாரி. அக்காள் சிவகாமசுந்தரியோடு காஜா பேராங்கில் இருந்த பொன்னுதுரை வீட்டுக்குள் நுழைந்தவர், கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். விரிப்புப் போட்ட சோபாவை விட்டுவிட்டு, நேராகப் போய்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணே, அது காலு ஆடுற நாற்காலி. இப்படி சோபாவுல உக்காருங்க."

"பரவால்லலா. எனக்கு இதான் வசதி."

பொன்னுதுரை வயிற்றெரிச்சலோடு எதிரே உட்கார்ந்தார். கோப்பி வந்தது. மல்லிகா வந்தாள், கும்பிட்டாள், போனாள். பேரம் ஆரம்பித்தது.

"கல்யாணம் எங்க பக்கத்துக் கோயில்லதான்," என்றார் கருணாகரன்.

"பொண்ணு வீட்டுல வைக்கிறதுதானே அண்ணே முறை?"

"முறைய எல்லாம் கடையில வச்சிட்டு வந்தேன். எங்க பசார் கடைக்காரங்க அத்தனை பேரும் அங்கதான் இருக்காங்க."

இருவருமே கடையில் உட்கார்ந்தால், வாங்க வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகும் ரகம். இந்தப் பேரம் பொழுது சாயும்வரை போகும் என்று கமலவேணி இன்னொரு பானை தண்ணீர் வைக்க எழுந்தாள்.

அப்போதுதான் பொன்னுதுரைக்குக் கேட்டது. தம் ஒரு 'டிக்'குக்கும் அடுத்த 'டிக்'குக்கும் நடுவே இன்னொரு 'டிக்'. கடிகாரம் இல்லை, அதன் குரல் கனமானது. இது மெலிசு. ஒரு சமயம் இரண்டும் ஒட்டி விழுந்தன. ஒரு சமயம் ஒன்றை ஒன்று துரத்தின.

மனைவியின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "கமலா, தாளம் தப்புது."

"சிரிச்ச மூஞ்சியா இருங்க. தட்டு மாத்துற வரைக்கும் தாங்குங்க," என்றாள் அவள் பல்லைக் கடித்தபடி.

சிவகாமசுந்தரி சட்டென்று கையை உயர்த்தினாள். "உஸ்ஸ்... பல்லி சொல்லுது!" நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டாள். "ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். ரெண்டு பல்லி சேந்து சொல்லி நான் கேட்டதே இல்ல. இது நடக்கும்டா தம்பி!"

பொன்னுதுரையின் முதுகில் வேர்வை இறங்கியது. உயிர் இந்தக் கூடத்திலேயே போய்விட்டால் சம்பந்தமும் கூடவே போய்விடும். இதில் கோயில் எங்கே இருந்தால் என்ன!

"அண்ணே, உங்க இஷ்டம். உங்க கோயில்லயே வச்சுக்குவோம்."

கருணாகரன் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். "வேணாம் வேணாம். பொண்ணு வீட்டு முறைதான் முறை. உங்க கோயில்லயே இருக்கட்டும்."

"அட, நான்தான் விட்டுக் கொடுத்துட்டேனே!"

"நான் உங்களுக்கு முன்னாடியே மனசுல விட்டுட்டேன்லா! நாள மட்டும் சீக்கிரமா பாருங்க."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன். தை வரைக்கும் எதுக்கு? ஐப்பசியிலயே முடிச்சிருவோம்."

கணவன் எந்தப் பேரத்திலும் விட்டுக் கொடுத்துப் பார்த்திராத கமலவேணி, நிலைமை நிஜமாகவே மோசம்தான் என்று முடிவு கட்டி, அவசர அவசரமாக வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

தட்டு மாறியது. பொன்னுதுரை எட்ட நின்றே கும்பிட்டார். கருணாகரன் இன்னும் ஓர் அடி பின்னால் போய்க் கும்பிட்டார்.

"என்னா கும்புடு? கோயிலுக்கா வந்துருக்கீங்க?" சிவகாமசுந்தரி இருவர் முதுகிலும் கை வைத்துத் தள்ளினாள். "சம்பந்திங்கன்னா கட்டிப் பிடிச்சுக்கணும்!"

தப்ப வழியில்லை. நெஞ்சோடு நெஞ்சு சேர்ந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று பொன்னுதுரை கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டிய கையைக் கருணாகரன் எடுக்கவில்லை. மெல்லக் குனிந்து அவர் காதருகே வாயைக் கொண்டுவந்தார்.

"உங்களுதும் லண்டன் சரக்குதானா, சம்பந்தி?"